தென்கடற்கரைத் திருக்கோயில்கள்: காணும் முறையும் கருதும் முறையும்

1. தோற்றுவாய்

ஆற்றுப்படை என்பது பண்டைத் தமிழர் போற்றி வளர்த்த துறைகளுள் ஒன்று. பெற்றார் பெறாதார்க்கு வழி கூறுதல் அதன் இயல்பு. பரிசில் பெறும் வழியைக் கூறுவதோடு அமையாது, வழியிடை எதிர்ப்படும் நிலமும் ஊரும் மக்களும் எத்தகையர் என்பதையும் அத்துறை உரைக்கும். வழியறியாது செல்வான் இடத்தை அடையினும் அடையலாம். காண வேண்டியதைக் காண்பான் என்று கூறுதற்கில்லை. இக்கருத்தே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

தூத்துக்குடியிலிருந்து தெற்கு நோக்கிக் கடலோரமாகச் சென்று, பின்னர் மேற்கே திரும்பி, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து உதயகிரி ஈறாகச் செல்லும் நெறியில் கத்தோலிக்கக் கிறித்தவரின் பழைய திருக்கோயில்களும் நினைவிடங்களும் பல உள்ளன. இரண்டு அல்லது மூன்று நாட்களில் இவற்றைக் கண்டு மீளலாம். வழிபாடு கருதிச் செல்வோர் ஆண்டுதோறும் பல்லாயிரவர். வரலாறும் தமிழும் கருதிச் செல்வோரோ மிகச் சிலர். அங்ஙனம் செல்வார்க்கு, எதனைக் காண்பது, கண்டதை எவ்வாறு மதிப்பிடுவது என்பனவற்றை இயன்றவரை விளக்குதலே ஈண்டு நோக்கமாகும்.

2. மூவகைச் சான்றுகள்

பழைய திருக்கோயில் ஒன்றினுள் புகுவார்க்கு மூவகைச் சான்றுகள் எதிர்ப்படும். கல்லறைக் கற்களிலும் மணிகளிலும் ஏடுகளிலும் காணப்படும் எழுத்து ஒன்று. சுவர், தூண், வாயில், தரைவடிவு ஆகியவற்றால் ஆகிய கட்டடம் இரண்டாவது. ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செவிவழிச் செய்தி மூன்றாவது.

இம்மூன்றனுள் எழுத்தையே நம்பி ஏனைய இரண்டையும் புறக்கணிப்பார் உளர். செவிவழிச் செய்தி முழுவதையும் வரலாறெனக் கொள்வாரும் உளர். இரண்டும் பிழையாகும். ஒவ்வொரு சான்றும் தனக்குரியதை மட்டுமே மெய்ப்பிக்க வல்லது. எழுத்து பெரும்பாலும் ஆண்டையும் பெயரையும் கூறும். கட்டடமோ, அதனை எழுப்பினோர் எழுத விரும்பாதவற்றையும் கூறிவிடும். செவிவழிச் செய்தி நிகழ்ந்ததைக் கூறாவிடினும், மக்கள் எதனைப் போற்றினர் என்பதை உறுதியாகக் கூறும். இவ்வேறுபாட்டை உளங்கொண்டு செல்வானே பயன் பெறுவான்.

3. தூத்துக்குடி

முத்துக்குளித்துறைப் பரதவர் 1536, 1537 ஆகிய ஆண்டுகளில் பெருந்தொகையினராய்க் கத்தோலிக்கம் தழுவினர். முத்துக்குளிக்கும் உரிமை பற்றி எழுந்த பூசலும், அதன்கண் போர்த்துக்கேசியரின் துணையை அவர் நாடியதும் இதற்குக் காரணங்களாயின. 1542-இல் சவேரியார் இக்கடற்கரைக்கு வந்தபொழுது திருமுழுக்குப் பெற்றிருந்த மக்களைக் கண்டாரேயன்றி, சமயக் கல்வி பெற்றிருந்த மக்களைக் கண்டாரல்லர். ஆதலின் தமிழறிந்தார் துணைகொண்டு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றைத் தாமும் மனனம் செய்து, தெருக்களில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். இச்செய்தி அவருடைய கடிதங்களால் அறியப்படுவது.

தூத்துக்குடியில் முதற்கண் காணத் தக்கது பனிமய மாதா திருக்கோயிலாகும். 1982-இல் இது பேராலயச் சிறப்புப் பெற்றது. ஊரார் நாவில் இவ்வன்னை 'தஸ்நேவிஸ் மாதா' என வழங்கப்படுதலைக் கேட்கலாம். 'பனிகளின்' எனப் பொருள்படும் போர்த்துக்கேசியத் தொடர் தமிழ் ஒலிக்கேற்பத் திரிந்தமைந்த பெயர் இது. சாவி, அலமாரி, சன்னல் முதலிய சொற்கள் எவ்வழி வந்தனவோ அவ்வழி வந்ததே இதுவும். உரோமை நகரில் வேனிற்காலத்துப் பனி பெய்ததாக வழங்கும் கதையை ஒட்டி எழுந்த பெயரை, உறைபனியே காணாத உப்பளக் கரையில் வாழ்வார் தம் அன்னைக்கு உரியதாக்கிக் கொண்டனர். பனி என்னும் தமிழ்ச்சொல் விடியற்காலத்துத் துளியையும் குறிக்குமாதலின், அப்பெயர் இங்கு அயன்மை தோன்றாது அமைந்துவிட்டது. ஆகஸ்டு 5-ஆம் நாள் திருவிழா நிறைவெய்தும்.

இங்குள்ள திருவுருவம் 1555-இல் மணிலாவினின்று கப்பலில் வந்ததென்பது வழிவழிச் செய்தி. இதனை ஆராயுங்கால் ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. மணிலாவில் இசுபானியர் தம் நகரை நிறுவியது 1571-இல் ஆகும். அதற்குப் பதினாறு ஆண்டுகட்கு முன்னரே அங்கிருந்து கன்னிமரியாளின் உருவம் வந்ததென்பது எங்ஙனம் பொருந்தும்? ஆண்டு பிழைபட்டதோ, இடம் பிழைபட்டதோ, பின்னாளில் அறிமுகமான நகரின் பெயர் முன்னைச் செய்தியிற் புகுந்ததோ என ஐயுற இடமுண்டு. எனினும், உருவம் கடல்வழி வந்ததென்னும் நினைவைப் பொய்யெனத் தள்ளுதல் வேண்டா. கடலையே வாழ்வாகக் கொண்டார் தம் தெய்வமும் கடல்வழி வந்ததாகப் போற்றினர் என்பதே அச்செய்தி உறுதியாகத் தரும் உண்மையாகும்.

கட்டடம் கூறுவது வேறொன்று. இன்றுள்ள கோயில் 1713-இல் திருநிலைப்படுத்தப் பெற்றது. தூத்துக்குடியோ 1658 முதல் ஒல்லாந்தர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவர் கத்தோலிக்கத்தை ஏலாத சீர்திருத்தச் சபையினர். அத்தகையோர் ஆண்ட துறைமுகத்திலேயே இத்துணைப் பெரிய கத்தோலிக்கக் கோயில் எழுந்ததென்றால், ஆட்சியாளரும் புறக்கணிக்க இயலாத வலிமை இவ்வூர் மக்கட்கு இருந்திருத்தல் வேண்டும். முத்துக்குளிப்போர் இன்றி முத்து வாணிகம் இல்லை என்பதை ஒல்லாந்தர் அறிந்திருந்தனர். கோயிலின் சுவர்கள் அவ்வலிமைக்குச் சான்றாக நிற்கின்றன.

4. புன்னைக்காயல்

தூத்துக்குடிக்குத் தெற்கே தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்து அமைந்தது புன்னைக்காயல். சங்கச் செய்யுட்களில் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை இதற்கு அணித்தே, இன்று கடலை விட்டு விலகி உள்நிலத்து ஊராய்க் கிடக்கின்றது. ஆறு மண்ணைக் கொணர்ந்து சேர்க்கச் சேர்க்கத் துறைகள் இடம்பெயர்ந்தமையை இவ்விரண்டு ஊர்களையும் ஒரே நாளிற் காண்பார் எளிதில் உணர்வர்.

தமிழ் மாணவர் இவ்வூரைக் காணாது செல்லுதல் கூடாது. அண்டிரிக்கு அடிகளார் எனத் தமிழில் வழங்கப்பெறும் போர்த்துக்கேசியக் குருவாகிய என்றீக்கே என்றீக்கசு தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இக்கடற்கரையிற் கழித்தார். தமிழுக்கு இலக்கணம் ஒன்றைப் போர்த்துக்கேசிய மொழியில் எழுதினார். அவர் உருவாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறு பக்கமே கொண்ட அச்சிறு நூல், இந்திய நாட்டில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகும். 1554-இல் இலிசுபனில் வெளிவந்த தமிழ் மறைக்கல்வி நூல் உரோம எழுத்தில் அமைந்ததாதலின் அதனை இதனொடு வைத்து எண்ணுதல் ஆகாது. 1586-இல் புனிதர் வரலாறுகளைக் கூறும் பெருநூல் ஒன்றும் அடிகளாரால் வெளியிடப்பெற்றது. அஃது இவ்வூரிலேயே அச்சாயிற்று என்பர். அடிகளார் 1600-இல் புன்னைக்காயலில் உயிர்நீத்துத் தூத்துக்குடியில் அடக்கம் பெற்றார்.

ஈண்டு ஒன்று கருதத் தக்கது. தூத்துக்குடிக் கோயிலில் நின்று அடிகளாரை நினைவார், இன்றுள்ள கட்டடம் அவர் மறைவிற்கு ஒரு நூற்றாண்டிற்கும் மேற்பட்டுத் தோன்றியது என்பதை மறத்தல் ஆகாது. புன்னைக்காயலிலும் அவர் கண்ட ஊர் அப்படியே இன்றில்லை. அங்கு நாம் காண்பன மணலும் கழியும் கடலுமே. ஆயினும், தமிழ் அச்செழுத்துக்கு உழைத்தோர் எத்தகைய சிற்றூரில், எத்துணைக் குறைந்த வசதிகளோடு உழைத்தனர் என்பதை அம்மணல் கூறுமளவு நூல்கள் கூறுவதில்லை.

5. மணப்பாடு

திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவில் கருமேனியாறு கடலை அடையும் இடத்தில் மணப்பாடு உள்ளது. கடலுள் நீண்டு உயர்ந்த மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில் விளங்குகின்றது. 1581 இதன் தோற்ற ஆண்டாகச் சொல்லப்படும். செப்டம்பர் 14-ஆம் நாள் இங்கு மகிமைப் பெருவிழா நிகழும். அக்காலத்து வருவோர் திரளைக் காணலாம். கோயிலைக் காணுதல் அரிது. ஆராயச் செல்வோர் பிற திங்கள்களைத் தேர்தல் நன்று.

புயலில் உடைந்த போர்த்துக்கேசியக் கப்பலின் பாய்மரத்தால் ஆகிய சிலுவையே இத்தலத்தின் தொடக்கம் என்பர். குன்றின் கடல்நோக்கிய சரிவில் ஒரு குகை உள்ளது. சவேரியார் அதன்கண் தங்கிச் செபித்தார் என ஊரார் காட்டுவர். அவர்க்கு முன்னர்ச் சைவத் துறவி ஒருவர் அங்கு உறைந்தார் என்னும் செய்தியும் உடன் வழங்குகின்றது. ஒரு சமயத்தார் தம் தூய இடத்தைப் பற்றிக் கூறுங்கால், அது முன்பு பிறிதொரு சமயத்துத் துறவிக்கு உறைவிடமாயிருந்தது என்பதையும் மறையாது கூறுதல் பெருந்தன்மையாகும். வடக்கே கடலோரத்தில் முருகன் கோயில். தெற்கே கடலோரக் குன்றின்மேல் சிலுவைக் கோயில். நெய்தல் நிலத்து மக்கள் கடலும் கரையும் கலக்கும் எல்லையையே வழிபாட்டிற்கு உரிய இடமாகக் கருதிய மரபு சமயங்கடந்து தொடர்கின்றது எனல் தகும்.

6. வடக்கன்குளம்

கடலோரத்தை விட்டு மேற்கே உள்நிலம் புகுந்தால் பணகுடிக்கு அணித்தே வடக்கன்குளம் தோன்றும். இந்நெறியில் மிகவும் கூர்ந்து காண வேண்டிய கட்டடம் இவ்வூர்த் திருக்குடும்ப ஆலயமே என்பது என் துணிபு.

1872-இல் நிறைவெய்திய இக்கோயில் பிற கோயில்களைப் போல ஒரே நெடுங்கூடமாக அமைந்ததன்று. இரண்டு நெடுங்கூடங்கள் இருவேறு திசைகளினின்று வந்து பலிபீடத்தின்கண் கூடுகின்றன. மேலிருந்து நோக்கின் இரண்டாகப் பிரிந்த காற்சட்டை போலத் தோன்றும். கலைநயம் கருதி இவ்வடிவு கொள்ளப்பட்டதன்று. ஒரே சமயத்தைத் தழுவிய பின்னரும் ஒருங்கிருந்து வழிபட உடன்படாத சாதியினரை, ஒருவரையொருவர் காணாது ஒரே பலிபீடத்தை நோக்கி நிற்கச் செய்யவே இவ்வாறு கட்டினர். வேளாளர் முதலியோர்க்கு ஒரு கூடம், நாடார் முதலியோர்க்கு மற்றொரு கூடம். இரண்டிற்கும் இடையே தடுப்புச் சுவர்.

1910-இல் கவுசானல் அடிகள் அத்தடுப்பை இடித்து நீக்கினார். தனியிடம் தம் உரிமையென வாதிட்டோர் முறைமன்றம் ஏறினர். திருநெல்வேலியில் தொடங்கிய வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சாதி வேறுபாட்டைக் கோயிலுக்குள் ஓர் உரிமையாக நிலைநாட்ட முயன்றோர் அவ்வழக்கில் வெற்றி பெறவில்லை. இது 1917-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற வழக்காகும்.

சுவர் போயிற்று, ஆனால் கோயிலின் வடிவம் போகவில்லை. ஆண்டும் பெயரும் வழக்கின் முடிவும் நூல்களில் உள்ளன. எனினும் அவற்றைப் படித்து அறிவதும், ஒரு கூடத்தின் கடைசியில் நின்று பலிபீடத்தை நோக்கிவிட்டு, வெளியே வந்து மறு கூடத்தின் கடைசிக்கு நடந்து சென்று அதே பலிபீடத்தை மீண்டும் நோக்குவதும் வேறு வேறு. முன்னதில் செய்தி கிடைக்கின்றது. பின்னதில் அங்கு நின்ற மனிதரின் நிலை விளங்குகின்றது. பக்கத்துக் கூடத்தில் எழும் பாட்டின் ஒலி தன் செவியில் விழவும், பாடுவோரைத் தன் கண் காணாதிருக்கவும் மக்கள் வழிபட்டனர் என்பதை அந்நடை உணர்த்துகின்றது.

இத்தகைய கட்டடம் இழுக்குக்குரிய நினைவாதலின் மாற்றியமைக்கத் தக்கது என ஒருசாரார் கருதலாம். அக்கருத்து நல்லெண்ணத்தின்பாற் பட்டதே. ஆயினும் அதனை ஏற்றல் அரிது. சுவரை இடித்தது அறம். அச்சுவர் இருந்தமைக்குச் சான்றாய் நிற்கும் வடிவத்தையும் அழித்தல் மறதியே ஆகும். சான்று மறைந்தபின், அங்ஙனம் ஒன்று நிகழவே இல்லை எனக் கூறுவார் தோன்றுவர். அன்று அவர்க்கு மறுமொழி கூறக் கல்லும் இராது.

7. ஆரல்வாய்மொழியும் கோட்டாறும்

வடக்கன்குளம் வேறொரு நிகழ்ச்சியாலும் நினைக்கத் தக்கது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரசியல் அலுவலருள் ஒருவராகிய நீலகண்டர் 1745-இல் இவ்வூரிலேயே திருமுழுக்குப் பெற்றார். பரஞ்சோதிநாதர் எனத் தமிழ்ப்பெயர் பூண்ட புத்தாரி அடிகள் அதனை அளித்தார். இலாசர் என்னும் மறைநூற் பெயர்க்குரிய 'இறைவன் உதவி' எனும் பொருளைத் தழுவித் 'தேவசகாயம்' எனப் பெயரிடப்பெற்றது. அவர்தம் மனைவியார் ஞானப்பூ எனப் பெயர் பெற்றார். ஒலியைப் பெயர்க்காது பொருளைப் பெயர்க்கும் இம்முறை, தஸ்நேவிஸ் என்பதற்கு நேர்மாறாய் அமைந்தமை மொழியாராய்ச்சியாளர் கருதற்பாலது.

சிறைப்பட்டுப் பல துன்பம் உழந்த தேவசகாயம் 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மணியடிச்சான் பாறை என ஒரு பாறையை அங்கு காட்டுவர். அவர் உயிர் பிரிந்தபொழுது அதிலிருந்து ஒரு கல் வீழ்ந்து மணியோசை எழுப்பியதென்பது ஊர் வழக்கு. அவர் உடலின் எச்சங்கள் கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டன. 1930-இல் தோன்றிய கோட்டாறு மறைமாவட்டத்தின் தலைமைக் கோயிலும் இதுவே. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் அவர்க்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பெற்றது. அப்பொழுது அவர் பெயரோடு சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை. வடக்கன்குளத்து இரு கூடங்களிலும் நின்று வந்தார்க்கு, இச்சிறு செய்தியின் பெருமை தானே விளங்கும்.

8. உதயகிரி

நாகர்கோவிலினின்று திருவனந்தபுரம் செல்லும் நெறியில் தக்கலைக்கு அணித்தே உதயகிரிக் கோட்டை உள்ளது. 1741-இல் குளச்சற் போரில் ஒல்லாந்தர் பக்கம் நின்று சிறைப்பட்டு, பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவரான தெலனாய் என்பாரின் கல்லறை அக்கோட்டையினுள் கூரையிழந்த சிறு கோயிலில் உளது. தேவசகாயத்திற்குக் கிறித்தவத்தை அறிவித்தவரும் அவரே. அவர் 1777-இல் மறைந்தார். கல்லறைமேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன.

ஐரோப்பாவிற் பிறந்து திருவிதாங்கூர் மன்னர்க்குத் தொண்டு செய்தவரின் கல்லறையில் தமிழ் இடம்பெற்றமை, அக்காலத்து அந்நிலப்பகுதியில் தமிழ் பெற்றிருந்த நிலையைக் காட்டும் எழுத்துச் சான்றாகும். இலத்தீன் எழுத்து வழிச்செல்வோனை விளித்து, நிற்குமாறு கூறித் தொடங்குகின்றது. இது பண்டை உரோமானியர் வழிவந்த மரபு. நம் முன்னோர் வழியோரத்தே நட்ட வீரர் கல்லும் வழிச்செல்வோரை நோக்கியே நின்றது. கல்லறை நின்று படிக்கும் வழிப்போக்கனை வேண்டுகின்றது; அவனின்றி அதற்கு வாய் இல்லை.

9. காண்பார் கடமை

பெயர் கூற வேண்டாத ஒரு கடற்கரையூரில், பல ஆண்டுகட்கு முன் யான் கண்ட பழங்கோயில் ஒன்றின் தரையில் எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள் சில இருந்தன. எழுத்துகளைப் படியெடுத்தற்கு அன்று நேரமில்லை. மறுமுறை வருவோம் எனக் கருதி மீண்டேன். மறுமுறை சென்றபொழுது தரை முழுதும் பளபளப்பான புதுக்கல் பரப்பப்பட்டிருந்தது. ஊரார் தம் உழைப்பால் திரட்டிய பொருளைக்கொண்டு, தம் கோயிலை அழகுறுத்த வேண்டும் என்னும் அன்பினால் செய்த செயல் அது. அவர்மேற் குறை கூறுதற்கு எனக்கு உரிமையில்லை. படியெடுக்காது மீண்ட குறை என்னுடையதே.

ஆதலின் செல்வோர்க்குச் சில கூறுவேன். வழிபாட்டு நேரத்தில் ஆராய்ச்சி வேண்டா. பங்குக் குருவிடமோ கோயிற்பிள்ளையிடமோ இசைவு பெற்றே உட்புகுக. காலணியைப் புறத்தே நீக்கும் வழக்கம் உள்ள இடங்களில் நீக்குக. முதலில் கோயிலைப் புறத்தே ஒருமுறை சுற்றி வந்து அதன் வடிவை உணர்ந்த பின்னரே உள்ளே செல்க. தரையிலும் மணியிலும் உள்ள எழுத்துகளைப் படித்து எழுதிக் கொள்க. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒளிப்படக் கருவி உள்ளது. தம் முகத்தை எடுப்பதற்கு முன் ஒரு கல்லறைக் கல்லை எடுத்தால் அதுவே தமிழ்த்தொண்டாகும். முதியோரிடம் கேட்டறிந்ததை அவர் சொல்லிலேயே குறித்துக்கொள்க, திருத்தம் செய்யற்க. குறித்தவற்றின் படி ஒன்றை அக்கோயிலுக்கே அளித்து வருக. தம் தரையில் உள்ளது யாதென அறிந்த ஊரார் அதனை மூடார்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தென்கடற்கரைத் திருக்கோயில்கள் ஒரு சமயத்தார்க்கே உரிய வழிபாட்டிடங்களாய் மட்டும் அமையாது, தமிழ் எழுத்து அச்சேறிய வரலாற்றிற்கும், அயற்சொல் தமிழாகிய முறைக்கும், சாதி கோயிலுக்குள் புகுந்து நின்ற நிலைக்கும், பின்னர் அஃது எதிர்க்கப்பட்டதற்கும் சான்றுகளாய் விளங்குதல் பெறப்படும். பெருமை தரும் சான்றும் நாணத் தரும் சான்றும் ஒரே நெறியில் அடுத்தடுத்து உள்ளன. ஒன்றைக் கண்டு மற்றொன்றைக் காணாது மீள்வார் பாதி வழியே சென்றவராவர். பரிசில் பெறாதார்க்கு வழி கூறிய பழம் பாணர் தாம் கண்டதனைத்தையும் கூறினர். அந்நெறியே நாம் பின்பற்றுதற்கும் உரியதாகும்.